வெட்டுவாய் காயும் நாட்கள்

மார்ச் 3
கோரிங்கி, அன்னாசிக் குடும்பத்து முள்செடியான டைக்கியாவில் ஓர் இனம். அதன் நடுக்குருத்து இழுத்த இழுப்புக்குக் கையோடு வந்துவிட்டது. நுனி பச்சை, அடி பழுப்பு, புளித்த வாடை. வெளியிலைகள் இன்னும் கல்லாக நிற்கின்றன. ஒரு வாரமாக அழுகியிருக்கும், வெளியே தெரியவில்லை.

மார்ச் 4
பிரித்தாயிற்று. டைக்கியாவுக்குத் தோல் கையுறை மட்டும் போதாது. கொக்கி முள் கையை உள்ளே விடும், வெளியே விடாது. செய்தித்தாளை எட்டு மடிப்பாக்கி இலைகளைச் சுற்றிக் கட்டி, தொட்டியைக் கவிழ்த்துத் தட்டி எடுக்க வேண்டும். பிறகு கீழ் இலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் உரித்துக்கொண்டே மேலே போவது.

தண்டை மேலிருந்து 5 மி.மீ. வில்லைகளாகச் சீவினேன். ஒவ்வொரு சீவலுக்கும் கத்தியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைப்பு. முதல் மூன்று வில்லையில் நடுவே பழுப்பு வளையம். நான்காவதில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை விட்டுவைத்தால் பத்து நாளில் முழுத் தண்டும் போய்விடும். ஐந்தாவது சுத்த வெள்ளை. மிச்சம் 4 செ.மீ. கட்டை, கொஞ்சம் வேர்.

வெட்டுவாயில் கந்தகத் தூள். போர்டோ கலவையோ செம்பு கலந்த வேறெந்த மருந்தோ கூடாது, அன்னாசிக் குடும்பமான பிரோமிலியாடுகளுக்குச் செம்பு நஞ்சு.

மார்ச் 5
இன்னும் ஈரம்.

மார்ச் 7
ஏன் அழுகியது என்பதே மண்டையில் ஓடுகிறது.

கள்ளியைப் போல் காயப்போட்டு வளர்ப்பது டைக்கியாவுக்கு ஆகாது. முழுக்கக் காய்ந்தால் இலைகள் உள்பக்கம் சுருளும், வேர்நுனிகள் செத்துவிடும். வாடிவிட்டதே என்று அப்போது நிறையத் தண்ணீர் விட்டால், செத்த வேர் அழுகி, அழுகல் தண்டுக்கு ஏறும். பழி தண்ணீர் மேல் விழும், அதற்கு முந்தைய பட்டினியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இந்தத் தொட்டியில் அதுவும் நடக்கவில்லை. கவிழ்த்தபோது கீழ் மூன்றில் ஒரு பங்கு சேறு. மூன்று வருடத்தில் தென்னைநார்த் தூள் மக்கி, வடிதுளையை அடைத்திருக்கிறது. மேலே தொட்டால் காய்ந்த மண், கீழே காற்றில்லாத குட்டை.

பிரேசிலில் டிஸ்டாக்கியா என்றொரு டைக்கியா ஆற்றங்கரைப் பாறையிலேயே வளரும். வெள்ளம் மேலே புரண்டு போகும், அழுகாது. அங்கே தண்ணீர் ஓடுகிறது, வேரைச் சுற்றிப் பாறையிடுக்கும் காற்றும் இருக்கின்றன. அதைக் காலிசெய்தது வெள்ளமல்ல, அணைகள். ஓடிய தண்ணீர் தேங்கிவிட்டது.

புதுக் கலவை: 3 முதல் 6 மி.மீ. பியூமிஸ் (நுரை போன்ற எரிமலைக் கல்) 5 பங்கு, பருமணல் 2, தென்னை மட்டைத் துண்டு 2, கரித்துண்டு 1. எல்லாவற்றையும் 2 மி.மீ. சல்லடையில் சலித்து, கீழே விழுவதைக் கொட்டிவிட வேண்டும். தூள் கிடையாது. இனி எந்தத் தொட்டிக்கும் கிடையாது.

மார்ச் 9
பெண் ஹெக்டியா பூ விரிந்துவிட்டது! அதுவும் அன்னாசிக் குடும்பம்தான், ஆனால் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் செடி மூன்று வாரம் முன்பே முடிந்துபோனது. நல்லவேளை மகரந்தம் இருக்கிறது: மகரந்தப்பைகளை ஒரு நாள் நிழலில் உலர்த்தி, காகித மடிப்பில் வைத்து, சிலிக்கா ஜெல்லோடு சின்னக் குப்பியில் குளிர்பெட்டிக்குள் போட்டது. குப்பியை மூடியபடியே அரை மணி வெளியில் வைத்துத்தான் திறக்க வேண்டும். சில்லென்று திறந்தால் உள்ளே வியர்த்து மகரந்தம் கட்டிதட்டும்.

காலையில் ஒரு தடவை தூரிகையால் தொட்டேன். நாளையும் தொட வேண்டும்.

மார்ச் 10
வெட்டுவாய் காய்ந்து தக்கை போலாயிற்று. கட்டையை வெறும் பியூமிஸ் மேல் உட்கார வைத்தேன். 1 செ.மீ. மட்டும் உள்ளே, புதைக்கவில்லை. நல்ல வெளிச்சம், நேர் வெயில் இல்லை. மின்விசிறி மெதுவாக. தண்ணீர் தொட்டியின் ஓரத்தில் மட்டும்.

மார்ச் 14
இன்னொரு தொட்டியில் விற்றவர் ஒட்டிய பெயர்ச்சீட்டில் "மார்னியர்-லபோஸ்டோலி" என்று மட்டும். டைக்கியாவிலும் அந்தப் பெயர் உண்டு, ஹெக்டியாவிலும் உண்டு. இரண்டும் வெள்ளிச் செதில் போர்த்தியவை. இரண்டும் ஒரே மனிதர் பெயரில்: பிரான்சில் லே செத்ர் தோட்டத்தை வைத்திருந்த ஜூலியன் மார்னியர்-லபோஸ்டோல். ஒன்று பிரேசில், மற்றது மெக்சிகோ. பேரினத்தை எழுதாத சீட்டு சீட்டே அல்ல. பூத்தால்தான் தீரும்: ஆரஞ்சுப் பூ, ஒரே பூவில் மகரந்தமும் சூலகமும் என்றால் டைக்கியா. சிறு பூ, ஆணோ பெண்ணோ ஒன்றுதான் என்றால் ஹெக்டியா.

மார்ச் 15
கட்டையில் ஒன்றுமில்லை.

மார்ச் 19
டைக்கியா பாஸ்டெரியானா விதை போட்டது. மொட்டு விரியும் முன்பே வலைப்பை கட்டிக் கையால் மகரந்தம் சேர்த்த காய். டைக்கியாக்கள் சுலபமாகக் கலந்துவிடும். பை கட்டாத காயின் விதைக்கு இனப்பெயர் எழுதுவது பொய்.

கொதிநீர் ஊற்றி ஆறவைத்த கலவை, மேலே சலித்த பொடிப் பியூமிஸ் அரை செ.மீ. விதையை மூடக் கூடாது, வெளிச்சம் படவேண்டும். மூடியுள்ள பெட்டி, 25 முதல் 28 டிகிரி.

மார்ச் 22
டைக்கியாவின் பூந்தண்டில் எறும்பு வரிசை. பூவுக்கு வெளியிலும் தேன் கசியும் செடி, வரத்தான் செய்யும். பயம் எறும்பில்லை, அது கொண்டுவரும் மாவுப்பூச்சி. இலையடியில் பஞ்சுக்குச்சியால் ஆல்கஹால், அடியில் மட்டும். செதில் உள்ள இடத்தில் தேய்த்தால் வெள்ளி போய்விடும், அந்த இலையில் திரும்ப வராது. வேப்பெண்ணெயும் அப்படியே: செதிலை நனைத்துப் பச்சையாக்கிவிடும்.

மார்ச் 28
விதை முளைத்திருக்கிறது, ஒன்பதாம் நாள். பச்சை ஊசிமுனைகள். பாசி பிடிக்கும் முன் மூடியைக் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும்.

கட்டையில் ஒன்றுமில்லை. தூக்கிப் பார்க்காதே.

ஏப்ரல் 1
தூக்கிப் பார்த்தேன். புது வேர் இல்லை. பழைய வேர் ஒன்று முறிந்தது. இது செய்திருக்கக் கூடாது.

ஏப்ரல் 6
கட்டையின் பக்கத்தில், உரித்த இலைத்தழும்புக்கு மேலே ஒரு மேடு. கணு மொட்டு வரவேண்டிய இடம்தான்.

ஏப்ரல் 8
மேடு 2 மி.மீ., வெளிர்ச் சிவப்பு. குச்சிமுனையால் தொட்டேன். கொஞ்சம் மெத்தென்றிருக்கிறது. மொட்டு மெத்தென்று இருக்காது.