மேல்நிலை வகுப்பில் வேளாண்மையும் கால்நடை அறிவியலும்: நான் படித்து வந்த வழி

பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு வேளாண்மை மற்றும் கால்நடை அறிவியல் பாடப்பிரிவில் சேர விண்ணப்பித்தபோது, அப்பிரிவின் ஆசிரியர் என்னிடம் விலங்குகளைப் பிடிக்குமா என்று கேட்கவில்லை. வேதியியலையும் கணிதத்தையும் கைவிடாமல் படிப்பாயா என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வியின் அருமையைப் படிக்கப் படிக்க உணர்ந்தேன். கால்நடை மருத்துவம், தீவன அறிவியல், பால் தொழில்நுட்பம் என்று எந்த மேற்படிப்பை எடுத்துக்கொண்டாலும் உயிரியலோடு வேதியியலும் பெரும்பாலும் கட்டாயமாகக் கேட்கப்படுகிறது. எனவே சேர்வதற்கு முன்பே, பின்னாளில் நான் படிக்க விரும்பக்கூடிய படிப்புகளின் சேர்க்கைத் தகுதிகளை எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றிலிருந்து பின்னோக்கி வந்து என் பாடங்களை முடிவு செய்தேன். இந்தத் தொழிற்பிரிவில் பெறும் மதிப்பெண்கள் அந்தப் படிப்புகளுக்கு ஏற்கப்படுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்தேன். இப்பிரிவில் சேர நினைக்கும் எவரும் இந்த ஒன்றைச் செய்யாமல் கையொப்பமிட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

முதற்பருவம் மண்ணுக்கும் பயிருக்கும் உரியது. வயலின் பல இடங்களிலிருந்து மண் எடுத்து, கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி அளவைக் குறைத்து, நிழலில் உலர்த்திச் சோதனைக்கு அனுப்பும் முறையைக் கற்றோம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்) இருப்பதால், 50 கிலோ தழைச்சத்து வேண்டுமெனில் ஏறத்தாழ 109 கிலோ யூரியா தேவை என்பது போன்ற கணக்குகளை அன்றாடம் போட்டோம்.

என்னை முழுவதுமாக ஈர்த்தது தீவனப் பாடம். பியர்சன் சதுரம் என்னும் எளிய முறையை அதில்தான் கற்றேன். 9 சதவீதப் புரதமுள்ள மக்காச்சோளத்தையும் 44 சதவீதப் புரதமுள்ள சோயாப் பிண்ணாக்கையும் கலந்து 16 சதவீதப் புரதமுள்ள தீவனம் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 44-லிருந்து 16-ஐக் கழித்தால் கிடைக்கும் 28 மக்காச்சோளத்தின் பங்கு. 16-லிருந்து 9-ஐக் கழித்தால் கிடைக்கும் 7 பிண்ணாக்கின் பங்கு. மொத்தம் 35 பங்கில், மக்காச்சோளம் 80 சதவீதமும் பிண்ணாக்கு 20 சதவீதமுமாக அமைகிறது. ஆனால் கணக்கு சரியாக வந்துவிட்டால் மட்டும் போதாது. பசுவின் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. அவற்றுள் பெரிதான அசையூண் வயிற்றில் வாழும் நுண்ணுயிரிகளே நார்ச்சத்தைச் செரிக்க வைக்கின்றன. தானியத்தைத் திடீரென்று கூட்டினால் அங்கே அமிலம் பெருகி மாடு நோயுறும். ஆகவே தீவன மாற்றம் எதுவாயினும் நாள் செல்லச் செல்லத்தான் செய்ய வேண்டும். பசுவுக்கு இரை வைக்கிறோம் என்பதைவிட, அந்த நுண்ணுயிரிகளுக்கு இரை வைக்கிறோம் என்று எண்ணிக்கொள்ளுமாறு எங்கள் ஆசிரியர் அடிக்கடி சொல்வார். வேதியியலை ஏன் வலியுறுத்தினார் என்பது அப்போது விளங்கியது.

மாட்டை நெருங்கும் முறை தனிப் பயிற்சியாகவே இருந்தது. அதன் பார்வை பக்கவாட்டில் மிக அகன்றது என்றாலும் நேர் பின்புறம் அதற்குத் தெரியாது. எனவே பின்னாலிருந்து ஓசையின்றி அணுகுதல் கூடாது. தோள்பட்டைக்குச் சற்றுப் பின்னால் நின்றால் முன்னே நகரும், முன்னால் நின்றால் பின்வாங்கும். இதை அறிந்தவர்கள் கோலும் கூச்சலும் இல்லாமல் மந்தையை நகர்த்துவதைக் கண்டபோது எனக்கு அத்தொழிலின் மீது பெரும் மரியாதை ஏற்பட்டது.

இரண்டாம் ஆண்டில் ஒவ்வொருவரும் ஒரு விலங்கை வளர்த்து, அதற்கு முழுமையான பதிவேடு எழுத வேண்டும். எனக்கு ஒரு கிடேரிக் கன்று கிடைத்தது. பசுவின் நோய் எதிர்ப்புப் பொருள் கருவிலேயே கன்றுக்குச் செல்வதில்லை. பிறந்த பின் சீம்பால் வழியாகத்தான் செல்கிறது. அதை உறிஞ்சும் திறனும் கன்றின் குடலுக்கு ஏறத்தாழ முதல் 24 மணி நேரம்தான், அதுவும் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். எனவே கன்று ஈனப்பட்ட நேரமும், அது சீம்பால் குடித்த நேரமும் அளவுமே என் பதிவேட்டின் முதல் வரிகளாயின. அதன் பின் எடையைக் கணிக்க உதவும் மார்புச் சுற்றளவு, கொடுத்த தீவனம், மிஞ்சிய தீவனம், சாணத்தின் தன்மை ஆகியவற்றைத் தொடர்ந்து எழுதி வந்தேன். ஒரு வாரம் மிஞ்சிய தீவனம் சற்றுக் கூடியிருப்பதைப் பதிவேட்டில் கண்டு வெப்பமானி வைத்துப் பார்த்ததில், இயல்பாக 38.5 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டிய உடல் வெப்பம் 40-ஐத் தாண்டியிருந்தது. பார்வைக்குக் கன்று நலமாகவே தெரிந்தது. கால்நடை மருத்துவர் வந்து சிகிச்சையைத் தொடங்க, கன்று விரைவில் தேறியது. கண்ணுக்குத் தெரியும் முன்பே எழுதிவைத்த எண்கள் பேசும் என்பதை நான் நேரில் கண்டது அந்த வாரத்தில்தான்.

களப்பயிற்சிக் காலத்தில் பால் பண்ணை, தீவன ஆலை, பால் பரிசோதனைக்கூடம் ஆகியவற்றில் பணியாற்றினோம். கால்நடைத் துறை என்றாலே மருத்துவர் பணி ஒன்றுதான் என்ற எண்ணம் அங்கே அகன்றது. செயற்கை முறைக் கருவூட்டல் செய்வோர், இறைச்சி ஆய்வாளர், தீவனக் கலவையாளர், ஆய்வக நுட்பர், புதிய முறைகளை உழவர்களிடம் கொண்டு சேர்க்கும் விரிவாக்கப் பணியாளர் எனப் பலர் இல்லாமல் இத்துறை நடவாது. மருந்து செலுத்தப்பட்ட பசுவின் பாலை, குறிப்பிட்ட காலம் முடியும்வரை தனியே ஒதுக்கச் செய்யும் கண்டிப்பான பணியும் இவர்களுடையதே. 2011-இல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட, மாடுகளைக் கொன்றுவந்த தொற்றுநோயான வெக்கை நோய்க்கு எதிரான பணியிலும் மருத்துவர்களோடு தடுப்பூசிப் பணியாளர்களும் ஆய்வகத்தினரும் தோள்கொடுத்தனர். இறைச்சிக்கூடத்தைப் பார்வையிடுவதும் பாடத்திட்டத்தில் உண்டு; அது எளிதான நாள் அல்ல. அந்த நாளுக்குப் பின் பயிர் அறிவியலுக்கு மாறிய நண்பர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பள்ளியிலேயே தம் மனத்தை அறிந்துகொண்டது நல்லதுதான் என்று கருதுகிறேன்.

மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது மதிப்பெண் பட்டியலுடன் பதிவேட்டின் நகலையும் களப்பயிற்சிச் சான்றையும் இணைத்தேன். நேர்காணலில் பெரும்பாலான கேள்விகள் பதிவேட்டிலிருந்தே வந்தன: ஏன் அந்த வாரத்தில் எடை கூடவில்லை, தீவனத்தை எந்த அடிப்படையில் மாற்றினாய், தாய்ப்பசுவின் உடல்நிலை மதிப்பெண் (உடலின் மெலிவையும் கொழுமையையும் காட்டும் எண்) என்ன என்று கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தைத் திருப்பிக் காட்டியே விடை சொன்னேன். கால்நடை ஊட்டச்சத்துப் படிப்பில் எனக்கு இடம் கிடைத்தது.