வீட்டு நெக்ஸ்ட்கிளவுட்: நிறுவியதும், மீட்டெடுத்துப் பார்த்ததும்

குடும்பத்தாரின் புகைப்படங்களும் ஆவணங்களும் நாள்காட்டியும் எங்கள் வீட்டு வன்தட்டிலேயே இருக்க வேண்டும் என்பதற்காக, பயன்பாட்டில் இல்லாதிருந்த ஒரு மடிக்கணினியில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, அதில் நெக்ஸ்ட்கிளவுடை இயக்கி வருகிறேன். ஓன்கிளவுட் திட்டத்தைத் தொடங்கிய பிராங்க் கார்லிட்செக், 2016இல் அதிலிருந்து பிரிந்து உருவாக்கிய, கோப்புகளைச் சேமித்துப் பகிர உதவும் கட்டற்ற மென்பொருள் இது. மடிக்கணினியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் மின்கலம்தான். மின்சாரம் தடைப்பட்டாலும் தரவுத்தளம் எழுதிக்கொண்டிருக்கும்போதே கணினி அணைந்துவிடாது. மூடியை மூடினால் உறங்கிவிடாதபடி மட்டும் அமைப்பை மாற்றினேன்.

இதற்குத் தேவையான அப்பாச்சி (வலைச் சர்வர்), பிஎச்பி 8.2 (நிரல்மொழி), மரியாடிபி (தரவுத்தளம்) மூன்றும் டெபியனின் மென்பொருள் களஞ்சியத்திலேயே இருப்பதால் நிறுவலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிறுவிய பின் செய்யவேண்டிய சில மாற்றங்களே வேகத்தைத் தீர்மானிக்கின்றன. பிஎச்பி இயல்பாக அனுமதிக்கும் 128 எம்பி நினைவகத்தை 512 எம்பி ஆக்கினேன். பின்னணிப் பணிகளை, யாராவது பக்கத்தைத் திறக்கும்போது ஓடவிடாமல், கிரான் என்ற நேர அட்டவணைக் கருவி மூலம் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவைத்தேன். ஒரே கோப்பை இருவர் ஒரே நேரத்தில் மாற்றாமல் தடுக்கும் கோப்புப் பூட்டுகளைத் தரவுத்தளத்திலிருந்து, நினைவகத்திலேயே இயங்கும் ரெடிஸுக்கு மாற்றினேன். பழைய கணினிக்கு இவை மூன்றும் அவசியம் என்பது என் கருத்து.

எங்கள் இணைய இணைப்பில் பல வீடுகள் ஒரே பொது ஐபி முகவரியைப் பகிர்ந்துகொள்வதால், ரவுட்டரில் போர்ட்டை (இணைப்பு வாயிலை) திறந்து வைத்தாலும் வெளியிலிருந்து வரும் இணைப்பு வீட்டை எட்டாது. எனவே வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய சர்வரை நடுவில் வைத்து, வீட்டுக் கணினியே அதனுடன் வயர்கார்ட் என்ற குறியாக்கப்பட்ட தனி வலையமைப்பு (விபிஎன்) வழியாக இணைந்திருக்கும்படி அமைத்தேன். இணைப்பு உறங்கிவிடாமலிருக்க 25 நொடிக்கு ஒரு சிறு தரவுப் பொட்டலம் போய்க்கொண்டிருக்கும். வீட்டாரின் கைபேசிகளும் அதே வலையமைப்பில் இருப்பதால், நெக்ஸ்ட்கிளவுடின் உள்நுழைவுப் பக்கம் பொது இணையத்தில் தெரிவதே இல்லை. பாதுகாப்பில் எனக்கு மிகுந்த நிம்மதி தருவது இதுவே.

காப்புநகலுக்குத்தான் அதிக நேரம் செலவிட்டேன், அது தகுந்த செலவென்றே நினைக்கிறேன். கோப்புகள் இருக்கும் அடைவை மட்டும் வேறொரு வட்டில் நகலெடுத்தால் போதாது: யாருடன் எதைப் பகிர்ந்தோம் என்பதும், நாள்காட்டியும், தொடர்புகளும் தரவுத்தளத்தில் இருக்கின்றன, கடவுச்சொற்களைப் பாதுகாக்க அவற்றுடன் சேர்க்கப்படும் ‘உப்பு’ என்ற எழுத்துச்சரமும் இரகசியச் சாவியும் அமைப்புக் கோப்பில் இருக்கின்றன. மூன்றும் ஒரே கணத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். ஆகவே இரவில் பராமரிப்பு நிலையை (பயனர்கள் எதையும் மாற்ற முடியாத நிலை) இயக்கி, தரவுத்தளத்தை ஏற்றுமதி செய்து, கோப்புகளின் அடைவையும் அமைப்புக் கோப்பையும் சேர்த்து, ரெஸ்டிக் என்ற காப்புநகல் கருவி மூலம் குறியாக்கத்துடன் வெளி வட்டுக்கு அனுப்பிவிட்டு நிலையைத் திரும்ப மாற்றும் ஒரு சிறு நிரலை எழுதினேன்.

பின்னர் வலையமைப்பிலிருந்து துண்டித்த ஒரு மெய்நிகர் கணினியில் (மென்பொருளால் உருவாக்கிய கணினியில்) அந்தக் காப்புநகலிலிருந்தே அனைத்தையும் மீட்டெடுத்துப் பார்த்தேன். பகிர்வுகளும் நாள்காட்டி நிகழ்வுகளும் சிதையாமல் வந்தன. இங்கே கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மீட்டெடுத்த சர்வர் நேற்றைய நிலையில் இருக்கும், கைபேசியும் கணினியும் இன்றைய நிலையில் இருக்கும். அப்படியே இணைத்தால், புதிய கோப்புகள் சர்வரில் நீக்கப்பட்டுவிட்டதாகக் கருதி ஒத்திசைவு நிரல் தன் பக்கத்திலும் அவற்றை நீக்கிவிடக்கூடும். இதைத் தடுக்க, தரவின் கைரேகையை (சர்வர் காப்புநகலிலிருந்து மீட்கப்பட்டதைக் கருவிகளுக்கு உணர்த்தும் அடையாளத்தை) புதுப்பிக்கும் கட்டளை ஒன்று நெக்ஸ்ட்கிளவுடிலேயே உள்ளது. மீட்டெடுத்தவுடன், எந்தக் கருவியையும் இணைப்பதற்கு முன் அதை இயக்க வேண்டும்.

அடுத்த வேலை பதிப்பு உயர்வு. முதன்மைப் பதிப்புகளில் ஒன்றைத் தாண்டி இன்னொன்றுக்குச் செல்ல இயலாது, ஒவ்வொன்றாகவே ஏற வேண்டும் என்பதால், ஒவ்வோர் உயர்வையும் முதலில் அதே மெய்நிகர் கணினியில் செய்து, துணைச் செயலிகள் இயங்குகின்றனவா எனப் பார்த்த பின்பே வீட்டுச் சர்வரில் செய்யவிருக்கிறேன்.