கராஜில் வளர்ந்த செவன்

பாகங்களாக வாங்கி வீட்டிலேயே கேட்டர்ஹாம் செவன் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டப்போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "எஞ்சினை எப்படி ஏற்றுவீர்கள்?" எஞ்சின் ஏற்றுவது சுலபம். அந்தப் பயத்திலேயே ஆசையை அடக்கிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறுமையைக் கேட்பது வண்டியின் பின்பக்கம்.

லண்டனுக்குத் தெற்கே எங்கள் வீடு. ஒரு கார் மட்டும் நிற்கக்கூடிய கராஜ். செவனின் நீளம் 3 மீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஸ்டாண்டுகளின் மேல் சேஸிஸை, அதாவது காரின் அடிச்சட்டத்தை, ஏற்றிய பிறகும் சுற்றிவர இடம் இருந்தது. அலுமினியத் தகடுகளில் ஸ்பேனர் பட்டால் கோடு விழும், அதனால் பழைய போர்வைகளைப் போர்த்தி டேப் ஒட்டிவிட்டுத்தான் வேலையையே தொடங்கினோம்.

காரைப் பெட்டி பெட்டியாக வாங்கும் வழக்கத்துக்குப் பின்னால் வரி சம்பந்தமான ஒரு கணக்கு இருக்கிறது. காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் 1957-ல் செவனைக் கொண்டுவந்தபோது, பிரிட்டனில் முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அது கிடையாது. 1973-ல் வாட் (மதிப்புக்கூட்டு வரி) வந்ததும் அந்தச் சலுகை போய்விட்டது. அதே ஆண்டில்தான் செவனைத் தயாரிக்கும் உரிமை லோட்டஸிடமிருந்து கேட்டர்ஹாம் நிறுவனத்துக்கு வந்தது. வரி லாபம் போய் இத்தனை வருடம் கழித்தும் ஆட்கள் வீட்டில் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு இந்தக் கார் பிடித்துப்போக அதுவும் ஒரு காரணம்.

சரி, பின்பக்கத்துக்கு வருகிறேன். டிஃபரன்ஷியல், அதாவது எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் பாகம், கனமான இரும்புக் கட்டி. அதைச் சேஸிஸுக்குள் தூக்கி, மேலே நீளமான ஒரு போல்டிலும் கீழே இரண்டிலும் பிடிக்க வைக்க வேண்டும். அது சரியாக நடுவில் உட்கார வேண்டும், இடைவெளியும் இருக்கக்கூடாது. அதற்கு இரண்டு பக்கமும் வாஷர்கள். எத்தனை, எந்தக் கனம் என்பதை அளந்து, போட்டு, கழற்றி, மறுபடி அளந்துதான் கண்டுபிடிக்க முடியும். என் கை நுழையாத இடத்தில் மகளின் கை நுழைந்தது.

"அப்பா, இடது பக்கம் இன்னொரு மெல்லிசு வாஷர் போகும்."

"இரும்மா, இறுக்காதே. அளந்துவிடலாம்."

அவள் சொன்னதுதான் சரி. அந்த மாலை முழுவதும் அதற்கே போயிற்று. அவ்வளவு நேரம் கொடுக்கத் தகுந்த வேலைதான், ஏனென்றால் கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்கு வரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டுகளும் நேராக நிற்பது இதை வைத்துத்தான்.

அதற்கப்புறம் எஞ்சின். கியர்பாக்ஸை அதோடு முன்பே பூட்டிவிட்டோம். வாடகைக்கு எடுத்த கிரேனில் தொங்கவிட்டு, பின்பக்கம் தாழ்ந்திருக்கும்படி சாய்த்து, மெதுவாக உள்ளே இறக்கினோம். கியர்பாக்ஸின் வால் சேஸிஸின் நடுவில் இருக்கும் டன்னலுக்குள் போகும்போது ஒருவர் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடித்து அதன் பற்களில் நுழைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கிரேனைப் பார்த்துக்கொண்டார், ஷாஃப்டை நான் பிடித்தேன். சாப்பாட்டுக்கு முன்பே வேலை முடிந்துவிட்டது.

குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரென்ச்சால் ஒரு போல்டை இறுக்கியவுடனே மஞ்சள் பெயிண்ட் பேனாவால் அதன் தலையிலிருந்து சேஸிஸ் வரை ஒரு கோடு போடுவோம். இறுக்கியாயிற்றா என்ற சந்தேகம் வராது. பின்னாளில் போல்ட் தளர்ந்து திரும்பினாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். கோடு போடும் பொறுப்பு மகளுடையது, வேறு யாரையும் தொடவிட மாட்டாள்.

இப்படிக் கட்டிய கார் ரோட்டுக்கு வருவதற்கு முன் ஐவிஏ என்ற அரசுச் சோதனையில் தேற வேண்டும். பிரேக், புகை, சத்தம், ஸ்பீடோமீட்டர், கண்ணாடிகள் எல்லாம் பார்ப்பார்கள். நான் அதிக நாள் செலவழித்தது விளிம்புகளுக்குத்தான். வெளியே ஒருவர் மேல் படக்கூடிய கூர்மையான விளிம்புக்குக் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் வளைவு வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் நட்டுகளுக்குப் பிளாஸ்டிக் தொப்பி, தகடுகளின் ஓரத்துக்கு ரப்பர் பட்டை. சிலருக்கு இது தொல்லையாகத் தெரிகிறது. நடந்துபோகும் ஒருவரை என் கார் உரசினால் அவர் தோல் கிழியக்கூடாது என்பதற்கான விதி இது, எனக்கு முழுச் சம்மதம்.

இப்போது நம்பர் பிளேட் மாட்டியாயிற்று. கொஞ்ச தூரம் ஓடிய பிறகு ஒவ்வொரு போல்டையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த வேலை, பின்பக்கத்திலிருந்து தொடங்குகிறோம்.