இரு கண்ணுக்கும் சேர்ந்த சிலை

விக்டோரியா காலத்து ஸ்டீரியோ அட்டைகளை ஸ்கேன் செய்து பட்டியலிடுவது என் வேலை. ஏறக்குறைய ஏழு அங்குல நீள அட்டை, அதில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிய இரண்டு படங்கள். இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று. ஸ்டீரியோஸ்கோப் என்ற கருவி வழியே பார்த்தால் இரண்டும் சேர்ந்து ஆழமுள்ள ஒரே காட்சியாகத் தெரியும். பெட்டியைத் திறந்தால் ஊர்க்காட்சிகளுக்கு நடுவே சிலைகள் வந்துகொண்டே இருக்கும்.

அதற்குக் காரணம் உண்டு. ஆங்கில விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டன் 1838-இல் தன் ஸ்டீரியோஸ்கோப்பை விளக்கியபோது, கோட்டுப் படங்களை வைத்துத்தான் காட்டினார். புகைப்படம் வந்த பிறகு புகைப்பட முன்னோடி ஃபாக்ஸ் டால்பாட் அவருக்காக எடுத்துக் கொடுத்தவற்றில் முழு உருவச் சிலைகளும் இருந்தன. ஒரே கேமராவில் ஒரு படம் எடுத்து, சற்று நகர்த்தி வைத்து இன்னொன்று எடுத்த காலம். நடுவில் ஆள் தலையைத் திருப்பினால் போச்சு. சிலை அப்படியே நிற்கும். வெயில் மட்டும் நகரும். வெளியில் எடுத்த சில அட்டைகளில் இடப் படத்து நிழல் வலப் படத்தில் கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கும். அதைப் பார்த்தாலே இரண்டும் ஒரே நேரத்தில் எடுத்தவை அல்ல என்று தெரிந்துவிடும். அப்படிப்பட்ட அட்டை கையில் வந்தால் எனக்கு அன்றைக்குச் சந்தோஷம்தான்.

1851 லண்டன் மாபெரும் கண்காட்சியில் ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் ப்ரூஸ்டர் வடிவமைத்த லென்ஸ் ஸ்டீரியோஸ்கோப்பை விக்டோரியா ராணி ரசித்தார். அதன் பிறகு அது வீடுகளுக்குள் வேகமாகப் பரவியது. அதே கண்காட்சியில் அமெரிக்கச் சிற்பி ஹிராம் பவர்ஸின் ‘கிரேக்க அடிமை’ பளிங்குச் சிலையைச் சுழலும் பீடத்தில் வைத்திருந்தார்கள். சிலை என்றால் சுற்றிப் பார்க்க வேண்டியது என்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒற்றைப் படத்தில் வெள்ளைப் பளிங்கு தட்டையாகிவிடும்; வெளிச்சம் பட்ட தோளும் கன்னமும் ஒரே வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். கருவி வழியே பார்த்தால் மணிக்கட்டுச் சங்கிலி உடம்பைவிட்டு விலகித் தொங்குவது தெரிகிறது.

அதனால்தான் எனக்கு ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை. இரண்டு படமும் ஒன்றுதானே, இடம் மிச்சமாகட்டும் என்று ஒரு பாதியை மட்டும் இணையத்தில் ஏற்றும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. சிலையின் கனம் இருப்பதே அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள சின்ன வித்தியாசத்தில்தான். ஒன்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சாதாரண, அதுவும் சிறிய, புகைப்படம். நான் அட்டையின் ஓரம், பின்பக்கச் சீட்டு எல்லாம் சேர்த்து முழுசாகவே ஸ்கேன் செய்கிறேன். அப்புறம் கருவியில் வைத்து இடம் வலம் சரியா என்று பார்ப்பேன். மாறி ஒட்டியிருந்தால் ஆழம் தலைகீழாகும். முன்னால் நிற்க வேண்டிய கை பின்னால் போய்விடும்.

வண்ணத்தில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும் என்பதையும் விடாமல் சொல்லிவருகிறேன். கையால் சாயம் பூசிய அட்டைகள் நிறைய. 1862 லண்டன் கண்காட்சியில் சிற்பி ஜான் கிப்சன் வைத்த வீனஸ் சிலையே மெல்லிய சாயம் பூசியதுதான். பளிங்குக்கு நிறம் தகுமா என்று அப்போது பெரிய சர்ச்சை. கறுப்பு வெள்ளையில் ஏற்றினால், அட்டைகளில் தொட்டு வைத்த நிறம் எதுவுமே பார்ப்பவருக்குத் தெரியாது.