யாழ்ப்பாணத்து நாட்களுக்கு ஒரு பொதுக் கலண்டர்

யாழ்ப்பாணத்தில் நடந்தவற்றைத் திகதிவாரியாகப் போட்டு வைக்கிற கூகுள் கலண்டர் ஒன்றை நாங்கள் சில பேர் சேர்ந்து நடத்துகிறோம். யாரும் தங்கள் போனில் சேர்த்துக்கொள்ளலாம், யாரும் தகவல் அனுப்பலாம். தங்கள் ஊருக்கும் இப்படி ஒன்று செய்ய நினைக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நாங்களே சில திகதிகளைப் போட்டோம். உதயதாரகைப் பத்திரிகையின் முதல் இதழ் 1841 ஜனவரி 7, பொது நூலகம் திறந்தது 1959 ஒக்டோபர் 11, ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்டோபர் 13. வெறும் கலண்டரைக் காட்டி அனுப்புங்கோ என்றால் ஒருத்தரும் அனுப்பமாட்டினம். ஏதாவது கண்ணில் பட்டால்தான் "எங்கட பள்ளிக்கூடத்தை விட்டிட்டீங்களே" என்று கதை தொடங்கும்.

எடிட் பண்ணும் அனுமதியை எல்லோருக்கும் கொடுக்காதீர்கள். எங்களுக்கு ஒரு படிவம் இருக்கிறது, அதில் வருவது ஷீட்டுக்குப் போகும், இரண்டு பேர் பார்த்த பிறகுதான் கலண்டரில் ஏறும். என்ன நடந்தது, எங்கே, எப்போது என்பவற்றோடு 'எப்படித் தெரியும்' என்றும் ஒரு கேள்வி. நேரே கண்டதா, பேப்பரில் வந்ததா, அம்மா சொன்னவவா, எதுவானாலும் சரி, ஆனால் அது எழுதாமல் ஒரு பதிவும் ஏறாது. இந்த ஒன்றில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

வயதானவர்கள் படிவம் நிரப்புவதில்லை, வட்ஸ்அப்பில் குரல் பதிவுதான். அவர்கள் சொல்வதும் இங்கிலீஷ் திகதியாக இருக்காது. "அது தம்பி, நல்லூர்த் தேருக்கு அடுத்த கிழமை" என்பார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். வருடம் தெரிந்தால் இது போதும். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றம் ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள், தேர் இருபத்துநாலாம் திருவிழா, மறுநாள் ஆவணி அமாவாசையில் தீர்த்தம். பழைய பஞ்சாங்கத்தை விரித்தால் திகதிக்குக் கிட்டப் போய்விடலாம். கஷ்டம் கல்வெட்டில்தான். ஒரு கோயில் கிணற்றுக் கட்டில் 'பிரமாதி வருஷம்' என்று மட்டும் வெட்டியிருந்த கல்லைப் படம் எடுத்து அனுப்பினார்கள். பிரமாதி அறுபது வருடத்துக்கு ஒருக்கால் வரும், 1879ஆ 1939ஆ? கிணறு கட்டுவித்தவரின் பேரப்பிள்ளைகளைத் தேடிக் கதைத்த பிறகுதான் 1939 என்று போட்டோம்.

ஆறுமுக நாவலர் காலமானது 1879 டிசம்பர் 5, அது அசையாது. ஆனால் அவர் குருபூசை கார்த்திகை மகத்தில், ஒவ்வொரு வருடமும் திகதி மாறும். அதனால் திதி, நட்சத்திரம் பார்த்து வருபவற்றுக்குத் தனிக் கலண்டர் வைத்து, புதுப் பஞ்சாங்கம் வந்ததும் கையால் பதிகிறோம்.

தொழில்நுட்பத்தில் இரண்டு விஷயம். எல்லாவற்றையும் முழுநாள் நிகழ்வாகவே பதியுங்கள், காலை ஆறு மணி என்று நேரம் போட்டால் ரொறன்ரோவில் இருக்கிறவரின் போனில் அது முதல் நாளில் போய் நிற்கும். மற்றது, ஷீட்டை சிஎஸ்வி என்ற வெறும் அட்டவணைக் கோப்பாக ஏற்றினால் வருடாவருடம் திரும்பி வருகிற அமைப்பு கூட வராது, ஐசிஎஸ் என்ற கலண்டர் கோப்பாக மாற்றித்தான் ஏற்ற வேண்டும்.

அதிகம் வாதாடியது நூலக எரிப்புக்கு. 1981 மே 31 இரவு என்று ஒரு பகுதி, ஜூன் 1 இரவு என்று இன்னொரு பகுதி, இரண்டு பக்கத்திலும் "நான் அப்ப அங்கதான் நிண்டனான்" என்கிறவர்கள். உள்ளூர்ப் பேப்பரைப் புரட்டிப் பார்க்கலாம் என்றால் ஈழநாடு அலுவலகமும் அதே நாட்களில்தான் எரிக்கப்பட்டது. இரண்டு திகதியிலும் போட்டு, ஒன்றில் மற்றதைக் குறிப்பிட்டு, யார் என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதி வைத்திருக்கிறோம்.

ஒக்டோபர் 30ல், போரால் யாழ்ப்பாணத்துச் சனம் ஊரை விட்டுப் போன 1995 இடப்பெயர்வை எங்கள் பக்கத்து ஆட்கள் நிறைய அனுப்பினார்கள், நாவற்குழிப் பாலத்து மழை, தள்ளிக்கொண்டு போன சைக்கிள், வழியில் தவறிய பிள்ளை. அதே நாளுக்கு, சோனகத்தெருவில் பிறந்து இப்போது புத்தளத்தில் இருக்கிற ஒரு அக்கா 1990ஐ அனுப்பினார். யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்ன நாள் அது. வேறு இடத்தில் போடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. நடந்த நாள் அதுதான், அதனால் ஒரே கட்டத்தில் 1990 மேலே, 1995 கீழே.

இப்போது 1964 டிசம்பர் புயலைச் சேர்க்கிறோம். தனுஷ்கோடியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், எங்கள் கரையில் அந்த இரவு எப்படி இருந்தது என்பதுதான் எங்களிடம் குறைவு. உங்கள் வீட்டில் அதைக் கண்டவர் இருந்தால் போனைக் கையில் கொடுத்துக் கதைக்கச் சொல்லுங்கோ, எழுதுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.