எள் விழாத இடத்தில் எத்தனை பேர்?

போன வாரம் அக்கா மகளும் நானும் ஒரே போராட்டப் புகைப்படத்தில் தலை எண்ணினோம். எனக்கு 412, அவளுக்கு 367. அப்பாக்களின் தோளில் உட்கார்ந்திருந்த குழந்தைகளையும் மரநிழலில் நின்றவர்களையும் அவள் விட்டிருந்தாள். நான் ஒரு பதாகையில் வரைந்திருந்த முகங்களையும் சேர்த்து எண்ணியிருந்தேன். நானூறு பேருக்கே இந்தக் கதி.

1960களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் பேராசிரியராக இருந்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், தன் ஜன்னலுக்குக் கீழே மாணவர்கள் கூடிய சதுக்கத்தில் தரை கட்டம் கட்டமாக இருப்பதைப் பார்த்துத்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். சில கட்டங்களில் எண்ணி, மொத்தக் கட்டங்களால் பெருக்கினார். தளர்வாக நின்றால் ஆளுக்கு 10 சதுர அடி, நெருங்கி நின்றால் 4.5. எள் போட்டால் எள் விழாது என்கிறோமே, அதற்கு 2.5. மேடைக்கு முன்னால்தான் எள் விழாது; பின்னால் ஆட்கள் சாவகாசமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். முன்வரிசை நெருக்கத்தை மைதானம் முழுக்கப் பரப்பினால் ஒரு லட்சம் நான்கு லட்சமாகிவிடும். யாரும் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை!

ஊர்வலம் இன்னும் சிக்கல். வழியில் சேருவார்கள், பாதியில் கழன்றுகொள்வார்கள். 2019 ஜூன் 16 ஹாங்காங் பேரணிக்கு ஏற்பாட்டாளர்கள் சொன்னது கிட்டத்தட்ட 20 லட்சம், காவல்துறை சொன்னது 3,38,000. ஆனால் காவல்துறையின் கணக்கு, உச்ச நேரத்தில் முதலில் அறிவித்த பாதையில் இருந்தவர்களுக்கு மட்டும். நாள் முழுக்க வந்துபோனவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

நாடு முழுக்க நடக்கும் போராட்டம் என்றால் நான் ஒரு அட்டவணை போடுவேன். ஊருக்கு ஒரு வரி. குறைவு, அதிகம் என்று இரண்டு பத்தி. செய்தியில் 'ஆயிரக்கணக்கானோர்' என்று இருந்தால் குறைவுப் பத்தியில் 2,000 போடுவேன். பன்மைக்கு அதற்கு மேல் என்னால் மரியாதை தர முடியாது. சின்ன ஊர்களின் எண்கள்தான் நம்பகமானவை. அறுபது பேர் நின்றால் யாரோ ஒருவர் நிஜமாகவே எண்ணியிருப்பார். சந்தேகமெல்லாம் நாலைந்து பெருநகரங்களில்தான். அமெரிக்காவில் 2017 ஜனவரியில் நடந்த பெண்கள் பேரணிக்கு எரிகா செனோவெத், ஜெரமி பிரஸ்மன் என்ற இரண்டு அரசியல் ஆய்வாளர்கள் இப்படித்தான் ஊர் ஊராகத் திரட்டினார்கள். வந்த விடை 33 லட்சம் முதல் 52 லட்சம் வரை. பலர் இதற்குச் சராசரி எடுத்து ஒற்றை எண்ணாகச் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. அந்த 19 லட்சம் இடைவெளியும் விடையில் ஒரு பகுதிதான்.

ஒற்றை எண் சொல்லி மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. 1995இல் வாஷிங்டனில் கறுப்பின ஆண்கள் திரண்ட 'மில்லியன் மேன் மார்ச்' பேரணிக்கு அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை 4 லட்சம் என்றது. பேரணியின் பெயரிலேயே பத்து லட்சம் இருக்கிறது. ஏற்பாட்டாளர்கள் வழக்குப் போடுவோம் என்றார்கள். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஃபரூக் எல்-பாஸ் படங்களை வைத்துக் கணக்கிட்டு 8,37,000 என்றார், 20 சதவீதம் கூடலாம் குறையலாம் என்ற குறிப்போடு. அடுத்து நாடாளுமன்றம், வாஷிங்டனில் தலை எண்ண அந்தத் துறைக்குப் பணமே கிடையாது என்று முடித்துவிட்டது.

சரி, எங்கள் புகைப்படம். பதாகை முகங்களைக் கழித்தேன். அவள் குழந்தைகளைச் சேர்த்தாள். இப்போது நான் 396 என்கிறேன், அவள் 398 என்கிறாள். அட்டவணையில் இரண்டையும் போட்டிருக்கிறேன்.