நீட் ஒரு பட்டப்படிப்பு என்றது கணினி

அக்கா மகள் பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்த வாரமே வீட்டில் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது: கம்ப்யூட்டர் சயின்ஸ். அவளைக் கேட்டால், “எனக்கு எது பிடிக்கும்னே தெரியல மாமா” என்றாள். நான் கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துகிறவன். ஒரு துறையில் உள்ளவற்றையும் அவற்றுக்கு இடையிலான உறவுகளையும் இயந்திரத்துக்குப் புரியும்படி எழுதி வைப்பதை ஆன்டாலஜி என்போம். அதற்காக ஆண்டுதோறும் கரும்பலகையில் வட்டமும் அம்புக்குறியும் போடுகிறேன். ஒருமுறை வீட்டுக் காரியத்துக்கும் பயன்படுகிறதா என்று பார்த்துவிடலாம் எனத் தோன்றியது.

ஆன்டாலஜி எழுதுவதற்கான மென்பொருளான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் புரோட்டேஜே இலவசமாகவே கிடைக்கிறது. அதில் படிப்பு, பாடம், திறன், தொழில் என்று நான்கு வகைகளை வைத்தேன். படிப்புக்குப் பாடம் தேவை, படிப்பு திறனைத் தரும், தொழில் திறனைக் கேட்கும். எந்தத் தொழில் எந்தத் திறனைக் கேட்கிறது என்பதற்கு அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓநெட் தொகுப்பைப் பார்த்துக்கொண்டேன். நம் ஊர் வி.ஏ.ஓ.வை அதில் தேடினால் எங்கே கிடைப்பார்? அந்த மாதிரி வேலைகளை நானே எழுதிச் சேர்த்தேன்.

எழுதியதிலிருந்து புது முடிவுகளை எடுக்கும் கருவிக்கு ரீசனர் என்று பெயர். முதல் தடவை ஓட்டியதும் அது சொன்னது: நீட் ஒரு பட்டப்படிப்பு. தவறு என்னுடையதுதான். ‘பாடம் தேவை’ என்ற உறவு படிப்பிலிருந்துதான் கிளம்பும் என்று எழுதியிருந்தேன். தப்பான ஆளை உள்ளே விடாத வாட்ச்மேன் போல அந்த வரி வேலை செய்யும் என்று மனதுக்குள் ஒரு நினைப்பு. உண்மையில் அது எதையும் தடுக்காது, ஊகிக்கும். நீட்டுக்கு உயிரியல் தேவை என்று நான் எழுதியதும், அப்படியானால் நீட்டும் ஒரு படிப்புதான் என்று முடிவு கட்டிவிட்டது. பல வருடங்களாக மாணவர்களுக்கு நானே எச்சரித்து வரும் குழி இது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “மூணு வருஷமா எழுதுறவங்களுக்கு அது டிகிரிதாண்டா” என்றாள்.

அடுத்த சிக்கலில் ஒரு ஞாயிற்றுக்கிழமையே போனது. ‘இவள் படித்த பாடங்களை மட்டுமே கேட்கும் படிப்பு’ என்று ஒரு வகையை வரையறுத்து ஓட்டினால், பட்டியல் காலி. பொறியியலுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் தேவை என்று எழுதியிருந்தேன். இந்த மூன்று மட்டும்தான் என்று எழுதவில்லை. நாலாவதாகவும் ஒரு பாடம் தேவைப்படலாம், யார் கண்டது என்பது ரீசனரின் கட்சி. பஸ் ஸ்டாண்டு போர்டில் ஊர்ப்பெயர் இல்லையென்றால் பஸ் கிடையாது என்று நாம் திரும்பிவிடுவோம். ஆன்டாலஜியில் எழுதாமல் விட்டது பொய்யாகிவிடாது, தெரியாதது என்றுதான் பொருள். ஒவ்வொரு படிப்புக்கும் ‘வேறெதுவும் வேண்டாம்’ என்று சேர்த்து எழுதிய பிறகுதான் பட்டியல் நிரம்பியது. பி.ஏ. வரலாறும் வந்தது. அதற்குக் குறிப்பிட்ட பாடம் எதுவும் தேவையில்லை என்று எழுதியிருந்ததால் தானாகவே உள்ளே வந்துவிட்டது. அக்கா முகத்தைச் சுளித்தாள். தர்க்கப்படி சரி, நடைமுறைப்படியும் சரி.

இனி விருப்பம். இங்கே ஆம், இல்லை இரண்டுதான் உண்டு. ‘கொஞ்சம் பிடிக்கும்’ எடுபடாது. அதனால் அவளைக் குடைய வேண்டியிருந்தது. கணக்கு பிடிக்கும் என்றால் எது? வரைபடம் போடுவது. வெளியே சுற்றப் பிடிக்குமா? பிடிக்கும், ஆனால் வழி கண்டுபிடித்துப் போக வேண்டும். பத்தாம் வகுப்பில் நிலவரைபடத்துக்கு வண்ணம் தீட்டியதைப் பத்து நிமிடம் சொன்னாள். அதுவரை யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை, நான் உட்பட.

இவற்றைத் திறன்களாக எழுதினேன். படிப்பு தரும் திறனை ஒரு தொழில் கேட்டால், அந்தப் படிப்பிலிருந்து அந்தத் தொழிலுக்கு வழி உண்டு என்று இரண்டு உறவுகளைச் சங்கிலியாகவும் கோத்தேன். ரீசனர் வரிசைப்படுத்தாது; பொருந்திய திறன்களை நானே எண்ணி அடுக்கியதில் மேலே வந்தவை ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ் (நிலவரைபடத் தகவல்களைக் கணினியில் கையாளும் படிப்பு), சிவில், வேளாண் பொறியியல், புவியியல். கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸுக்குத் தனி பி.இ. இருப்பது எங்கள் வீட்டில் யார் வாயிலும் வராத செய்தி. கம்ப்யூட்டர் சயின்ஸும் பட்டியலில் இருந்தது, கீழே.

இடம் கிடைக்குமா என்பதை ஆன்டாலஜியிடம் கேட்டுப் பயனில்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் கணக்கை எக்செல்லில்தான் போட்டேன். முந்தைய ஆண்டு எந்தக் கல்லூரி எத்தனையில் முடிந்தது என்பதையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டோம். ஆன்லைன் கலந்தாய்வில் நாம் கொடுக்கும் வரிசையில் கிடைப்பதில் முதலாவதைத்தான் ஒதுக்குவார்கள். அதனால் கிடைக்குமா என்று பயப்படாமல், பிடித்த வரிசையிலேயே போடச் சொன்னேன். அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ் கிடைக்கவில்லை. வேளாண் பொறியியல் வந்தது, சேர்ந்துவிட்டாள்.

பொங்கல் விடுமுறைக்கு வந்தவள் என் மடிக்கணினியைத் திறந்து, “மாமா, இதுல வெளியில வேலைன்னு போட்டிருக்கீங்க. முதல் வருஷம் முழுக்க கிளாஸ்ரூம்தான்” என்று சொல்லிவிட்டு அந்த வரியை அழித்தாள். அப்புறம் ரீசனரை எப்படி ஓட்டுவது என்று கேட்டாள்.